வெறுந்தண்ணீர் திருட்டு

6

பீர்க்கன்கரணையில் செல்லம்மா இனாமாக மீன் குழம்பு ஊற்றிக் கொடுக்கிறாள் என்றால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ தப்பு நடந்திருக்க வேண்டும். ஒரு கொத்துக் கறிவேப்பிலை இரவல் கொடுத்தால்கூட, திரும்பி வரும்வரை எதிர் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற ரகம் அவள். அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் தெருவையே கிண்ணத்தோடு வரச் சொல்லியிருந்தாள்.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திய ஹேமாவதிக்கு மூக்கு விடைத்தது. மீன் வாசனைக்காக மட்டுமல்ல.

"மேடம், நாமளும் ஒரு கிண்ணம் வாங்கிக்கலாமா? சாட்சிப் பொருளா வெச்சிக்கலாம்," என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த ஆல்வின்.

தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஹேமாவதிக்குத் துப்பறியும் ஆபீஸ். பெயர்தான் துப்பறியும் ஆபீஸ். பாதி நாள் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை. பையன் குடிக்கிறானா, சொன்ன கம்பெனியில்தான் இருக்கிறானா, அந்தக் கார் அவனுடையதுதானா. குடியிருப்பது முடிச்சூரில். அந்தத் தெருவில் எந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதைத் தொழில் திறமை என்று அவள் சொல்லிக்கொள்வாள். தெருக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அது நமக்கெதற்கு? ஆல்வின் அவளுடைய உதவியாள். வாய் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும்.

இவர்கள் இந்தத் தெருவுக்கு வந்த கதை வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கியது.

ஹேமாவதி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற அனுப்பிரியா, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். அன்றைக்கு முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தாள். பாட்டில் தண்ணீர் ஒன்று திருட்டுப் போய்விட்டது, கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றாள்.

"என்ன தண்ணி?"

"வெறும் தண்ணி, ஆன்ட்டி."

ஆல்வின் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

ஏரி, கிணறு, கழிமுகம் என்று தண்ணீர் எடுத்து வந்து, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அனுப்பிரியாவின் வேலை. யார் என்றால் கிருமிகள். பழைய முறைப்படி ஒரு கண்ணாடித் தட்டில் கிருமிகளுக்குச் சாப்பாடு வைத்துக் கூப்பிடுவார்களாம். வந்து வளர்ந்ததை எண்ணுவார்களாம். சங்கடம் என்னவென்றால், நூறில் ஒன்றோ இரண்டோதான் வரும். மற்றதெல்லாம் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"நம்ம நகர் நலச் சங்கக் கூட்டம் மாதிரி," என்றாள் ஹேமாவதி. "பஜ்ஜி போட்டாலும் அதே நாலு பேருதான் வருவாங்க. அதுக்காகத் தெருவுல வேற ஆளே இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அனுப்பிரியா அதையே பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு வராதவர்களைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போய் வாசலில் இருக்கிற பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டும் அல்லவா? எல்லா பாக்டீரியாவுக்குள்ளும் அப்படி ஒரு பலகை உண்டு. ஒரே மாதிரி மரபணுதான். எழுத்து மட்டும் இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கியவற்றின் பலகைகளை மொத்தமாகப் படித்து, உலகம் இதுவரை படித்து வைத்திருப்பவற்றோடு ஒப்பிட்டால் ஆள் தெரிந்துவிடும். சிலதுக்கு மட்டும் பெயர் வராது. இதுவரை யாரும் வளர்த்துப் பார்த்திராத இனம் என்பதோடு கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும்.

அப்படிப்பட்ட ஒன்றுதான் கோவளத்துக் கழிமுகத்தில் கிடைத்தது. பீர்க்கன்கரணை ஏரியில் கிடைத்தது. முடிச்சூரில் இவர்கள் தெருக்கோடியில் இருக்கிற கன்னியம்மாவின் கிணற்றிலும் கிடைத்தது. உப்புத் தண்ணீர், ஏரித் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் மூன்றிலும் அதே கிருமி. அவளுடைய பேராசிரியர் ராகவேந்திரா குதித்தார். அனுப்பிரியாவுக்குத்தான் உதைத்தது.

"ஒரே ஆள் மூணு ஊர்லயும் குடியிருக்கான்னா, ஒண்ணு அவன் பெரிய கில்லாடி. இல்லைன்னா, நாங்களே அவனைப் பையில வெச்சுத் தூக்கிட்டுச் சுத்தறோம், ஆன்ட்டி."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வெறுந்தண்ணீர் பாட்டில். வடிகட்டியையும் பாட்டில்களையும் கழுவுகிற லேப் தண்ணீரையே ஒரு பாட்டிலில் பிடித்து, ஏரித் தண்ணீருக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்து பார்ப்பார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அது லேப்பின் சொந்த அழுக்கு. படித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிரியா போனபோது, உறைபெட்டியில் மற்ற எல்லாப் பாட்டில்களும் இருந்தன. அந்த ஒன்றை மட்டும் காணோம்.

ஹேமாவதி அட்வான்ஸ் வேண்டாம் என்றாள். ஆல்வின் அவளைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்துத் தெருவில் தொலைந்த பூனைக்கே அட்வான்ஸ் வாங்கியவள்.

காரணம் இருந்தது. போன வாரம் மாடிப்படியில் அனுப்பிரியா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹேமாவதி ஒட்டுக்கேட்கவில்லை, துடைத்த படியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். 'கன்னியம்மா கிணறு', 'பேர் தெரியாத பாக்டீரியா' என்ற இரண்டு துண்டு காதில் விழுந்தது. மூன்றாவது துண்டு விழும்வரை பொறுக்கவில்லை. பிளவுஸ் தைக்கிற பெண்கள் குரூப்பில், 'நம்ம தெருக் கிணற்றில் பெயர் தெரியாத கிருமி, ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு, குழந்தைகள் ஜாக்கிரதை' என்று தட்டி, மூன்று கும்பிடு பொம்மையும் போட்டு அனுப்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது பால் குரூப், பள்ளிக்கூட வேன் குரூப், சர்ச் குரூப் என்று சுற்றி, நகர் நலச் சங்கத்துக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியது யார் என்ற அடையாளம் வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது.

சித்திரை வெயிலில் போர்க்குழாய்கள் காற்றை இறைக்கும்போது மொத்தத் தெருவுக்கும் தண்ணீர் கொடுத்த கிணறு அது. அந்தத் தண்ணீரில் மாவு கரைத்துத்தான் கன்னியம்மாவின் ஆப்பக்கடை ஓடியது. இப்போது ஆப்பச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. எந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தாலும், பரீட்சைக்கு முந்தின நாள் வலித்தாலும்கூட, கிணற்றின் கணக்கில் ஏறியது. ஊரே கேன் தண்ணீருக்கு மாறியது. சங்கத் தலைவர் ஜெயவேலு ஞாயிறு காலையில் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கிணற்றை மூடுவதாக முடிவு செய்தார். அதைவிடக் கொடுமை, கன்னியம்மாவே சரி என்றுவிட்டாள். தன் தண்ணீரால் ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் சோறு இறங்குமா என்றாளாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து ஹேமாவதிக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லேப்புக்குப் போனார்கள். துப்பறிகிறவர் என்று சொன்னால் போதும், ஜனங்கள் கேட்காத குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொள்வார்கள். வாட்ச்மேன் கல்லூரி மாமரத்தில் காய் பறித்ததைச் சொன்னார். ஒரு மாணவி உறைபெட்டியில் ஐஸ்கிரீம் ஒளித்து வைத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியர் ராகவேந்திரா கதவைச் சாத்திவிட்டு வந்து, புதுக் கிருமிக்குத் தன் மனைவியின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டதை ஒப்புக்கொண்டார்.

"கிருமிக்கா சார்? வூட்ல சம்மதிச்சாங்களா?" என்றான் ஆல்வின்.

சம்மதித்தது மட்டுமல்ல, உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம். பாட்டிலை எடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படக்கூடியவர் இவர் ஒருவர்தான் என்று ஹேமாவதி நினைத்திருந்தாள். அவரோ தலையில் கை வைத்துக்கொண்டார். வெறுந்தண்ணீர் சோதனை இல்லாத கட்டுரையை எந்தப் பத்திரிகையும் தொடாதாம். பாட்டில் தொலைந்ததில் முதல் நஷ்டம் அவருக்குத்தான்.

அப்படியென்றால் அந்தப் பாட்டில் பேசிவிடும் என்று பயப்படுகிற ஆள் வேறு யார்?

திரும்பும்போது ஹேமாவதியின் கண் ஒரு மூலையில் நின்றது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கண்ணாடிச் சாதனம் சுவரில் மாட்டியிருந்தது. அதன் வாய்க்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற பெரிய ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. சாதனத்தின் வாயில் ஒரு சிலந்தி வலை. புதுசு இல்லை, தூசி படிந்து, பழைய கொசுவெல்லாம் தொங்குகிற குடும்ப வலை.

"ரொம்ப நாளா குடியிருக்குது போல. அனுப்பிரியா மாதிரி வாடகை குடுக்குதா மேடம்?" என்றான் ஆல்வின்.

ஹேமாவதி சிரிக்கவில்லை. வலை அறுபடாமல் அந்த வாயிலிருந்து ஒரு சொட்டு விழ முடியாது. சொட்டே விழாத ஜாடி எப்படி நிறைந்தது?

ஜாடியை நிரப்புவது யார் என்று கேட்டாள். அட்டெண்டர் சவுரிமுத்து என்றார்கள். காய்ச்சல் என்று லீவில் இருந்தார். பாட்டில் காணாமல் போன நாளிலிருந்து காய்ச்சல்.

அந்தச் சவுரிமுத்துவின் மனைவிதான் இப்போது தெருவுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த செல்லம்மா.

வரிசையில் நின்ற பெண்களிடம் அவள் புலம்பிக்கொண்டிருந்தது கிட்டே போனதும் தெளிவாகக் கேட்டது. கோவளத்திலிருந்து அண்ணன் பஸ்ஸில் மீன் அனுப்பிவிடுவார். கழுவி, பொட்டலம் போட்டு, வாரம் முழுக்க வைத்துச் சமைப்பது வழக்கம். இந்த வாரம் வழியில்லை.

"இந்தாளு ஃப்ரீசரைத் தொறக்க வுடமாட்டேன்றாரு. ஆபீஸ் மருந்தாம். இவ்ளோ சங்கரா மீனை எங்க வெக்கிறது, என் தலையிலயா?"

ஹேமாவதி ஆல்வினைப் பார்த்தாள். ஆல்வின் வானத்தைப் பார்த்து, "ஃப்ரீசர்ல மீன் இல்லாத கோவளத்துக்காரங்க வூடு. வேற சாட்சி வேணுமா மேடம்?" என்றான்.

சவுரிமுத்து உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், காய்ச்சல்காரரின் போர்வையும் ஒழுங்காகப் போர்த்தத் தெரியாதவர். லேப்பிலிருந்து அனுப்பினார்களா என்று கேட்டபடி எழுந்தார். இல்லை, இந்தப் பக்கம் வந்தோம், வெயில் தாங்கவில்லை என்றாள் ஹேமாவதி.

"கொஞ்சம் ஐஸ் தண்ணி கிடைக்குமாண்ணா?"

"ஐஸ் இல்ல மேடம்."

"ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குதே."

"ஓடுது. ஐஸ் வெக்கல."

"ஏண்ணா, மருந்துக்கு இடம் பத்தலையா?"

சவுரிமுத்துவின் பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திரும்பி வந்தது. அது போதும், ஆனால் ஹேமாவதிக்கு என்னவோ அன்றைக்கு வேட்டை ருசிக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் குரலை உயர்த்துவாள். இப்போது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிலந்தி வலையைப் பார்த்தேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவர் போர்வையை மடித்து வைத்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

பிறகு சொன்னதன் சாரம் இதுதான். வடிக்கிற சாதனத்தின் கம்பிச்சுருள் பொங்கலுக்கு முன்பே எரிந்துபோயிற்று. ஆபீசில் சொன்னார், பார்க்கலாம் என்றார்கள். மறுபடி சொன்னார், மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அனுப்பிரியாவுக்கோ தினமும் தண்ணீர் வேண்டும். இல்லை என்று சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை நின்றுவிடும். லேப்பில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து ஜாடியை நிரப்பினார். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

"குழாய்த் தண்ணியைத் தொட்டிருந்தா நான் பாவி மேடம். இது சீல் போட்ட கேன் தண்ணி. எங்க பேத்திக்குப் பால் கலக்கறதே அதுலதான். அதைவிடச் சுத்தம் இன்னா கீதுன்னு நெனச்சேன்."

ஹேமாவதிக்குச் சுருக்கென்றது. தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவளே சொல்வாள். சாமிக்கு வைக்கிற தீர்த்தத்துக்குக்கூட அவள் வீட்டில் கேன்தான்.

'நம்ம தண்ணியில என்ன இருக்குன்னு அந்தப் பாட்டில் காட்டிக்கொடுத்துடும்' என்று அனுப்பிரியா சொன்ன அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் பிடித்தது. கான்ட்ராக்ட் வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஊத்திட்டா முடிஞ்சுதேண்ணா. ஏன் வெச்சிருக்கீங்க?" என்றான் ஆல்வின்.

"தொட்டி கிட்ட கொண்டு போனேன் தம்பி. கை வரல. உருகினா வீணாயிடும்னு அந்தப் பொண்ணு எத்தினி தபா சொல்லியிருக்கு."

திருடிய பொருளைப் பாழாகாமல் பாதுகாக்க, மனைவியின் மீனை வெளியே போட்ட திருடனை ஹேமாவதி தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

கிணற்றை மூடப்போகிற விஷயம் அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதும் எந்தக் கிணறு என்று கேட்டார். ஆப்பக்கடைக் கிணறு என்றதும் அப்படியே நின்றார். அனுப்பிரியாவோடு தண்ணீர் எடுக்கப் போன அன்று வாளியில் இறைத்துக் கொடுத்தவரே அவர்தான். வெயிலில் வந்தீர்களே என்று கன்னியம்மா ஆப்பம் வைத்தாளாம். தேங்காய்ப்பால் தீர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டாளாம்.

"அந்தம்மா கிணத்தையா? என்னாலயா?"

"உங்களால மட்டும் இல்லைண்ணா," என்றாள் ஹேமாவதி. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் துணி, அதற்குள் கல்லாக உறைந்த வெறுந்தண்ணீர்.

மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் போட்டு, பாட்டிலை அதற்குள் வைத்து, செல்லம்மா கயிறு கட்டிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் கணவனைத் திட்டவில்லை. தெருவுக்குக் கொடுத்த குழம்பு திரும்பி வராதே என்றுதான் விசனப்பட்டாள்.

ஸ்கூட்டரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆல்வின், "இதுல புதுசா எது கெடைச்சாலும் சங்கரான்னுதான் பேர் வெக்கணும்," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா மேடம், சவுரிமுத்து பாவம், தண்ணியைத்தான் மாத்தினாரு. அதைக் கிணத்து மேல பழியா எழுதி ஊரெல்லாம் வுட்ட மகராசி யாரு, அவங்களைக் கண்டுபிடிக்க வேணாமா?" என்றான்.

ஹேமாவதி சிக்னல் இல்லாத இடத்தில் பிரேக் போட்டாள்.

மத்தியானம் முழுக்க அனுப்பிரியா லேப்பில் தலை நிமிரவில்லை. இந்தத் தடவை லேப் தண்ணீரைத் தொடவே இல்லை. மருந்துக்கடையில் ஊசிக்கு விற்கிற சீல் வைத்த தண்ணீரை வாங்கிக் கழுவினாள். ஆல்வின் புதுப் பாட்டிலோடு போய்க் கன்னியம்மாவின் கிணற்றில் நேராக மொண்டு வந்தான். போகிற வழியில் ஹேமாவதி வீட்டுச் சமையலறைக் கேனிலிருந்தும் ஒரு பாட்டில். எல்லாம் தெரிந்துகொள்ள நாளாகும். ஆனால் அந்த ஒரு கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க அவளிடம் ஒரு சாவி இருந்தது. அந்தக் கிருமியின் பலகைக்கு மட்டும் பொருந்துகிற சாவி. பொருந்தினால், விளக்கின் கீழே ஒரு ஜெல்லித் தட்டில் கோடு ஒளிரும்.

ஜெல்லித் தட்டைச் சுற்றி நின்றார்கள். போர்வை இல்லாமல் வந்திருந்த சவுரிமுத்துவும் கதவோரமாக நின்றார்.

பழைய கோவளம், ஒளிர்ந்தது. பழைய ஏரி, ஒளிர்ந்தது. பழைய கிணறு, ஒளிர்ந்தது. திருட்டுப் போய் வந்த வெறுந்தண்ணீரும் ஒளிர்ந்தது. பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

புதிதாக மொண்டு வந்த கிணற்றுத் தண்ணீர் இருட்டாக இருந்தது. ஒரு கீற்றுகூட இல்லை.

கடைசி வரிசைதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று எரிந்தது. அது ஹேமாவதியின் சமையலறைக் கேன்.

"அப்ப கிணத்துக்குப் பயந்து ஊரே ஓடிப்போய் எதைக் குடிச்சிக்கினு கீதோ..." என்று ஆரம்பித்த ஆல்வின், அபூர்வமாக, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கிருமி கெடுதலா என்று ஹேமாவதி கேட்டாள். தெரியாது என்றாள் அனுப்பிரியா. கேனின் உள்சுவரில், தண்ணீர்க் குழாயின் வழவழப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற சாதுவாக இருக்கலாம். யாரும் வளர்த்துப் பார்க்காததால் அதன் குணம் யாருக்கும் தெரியாது.

"பேர் தெரியாததுன்னாலே பயந்துடறாங்க, ஆன்ட்டி. நம்ம தெருவுலயே உங்களுக்குப் பேர் தெரியாதவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"யாரும் இல்லை," என்றாள் ஹேமாவதி. முதல் தடவையாக அது பெருமையாகக் கேட்கவில்லை.

எரிந்த கம்பிச்சுருளைப் பற்றிச் சவுரிமுத்து எத்தனை தடவை சொன்னார் என்று பேராசிரியர் கேட்டார். சவுரிமுத்து இரண்டு விரலைக் காட்டினார். ஆபீசில் அந்தப் 'பார்க்கலாம்' சொன்னது தாமேதான் என்பது பேராசிரியருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வேலையைப் பற்றி ஒன்றும் பேசாமல், திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்ற கவலை வேறு அவருக்கு இருந்தது. கிருமிக்கு வைக்கவிருந்த பெயர் இப்போது தண்ணீர் கேனுக்குத்தான் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிச்சூர்த் தெருக்கோடியில் லாரி நின்றது. உடைத்த சுவரும் டைல்ஸ் துண்டுமாகக் குவியல். தெருவே வேடிக்கைக்கு வந்திருந்தது. சங்கக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கன்னியம்மா கிணற்று மேடையில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி அதற்கு வேலையில்லை என்பதுபோல அவ்வளவு ஒழுங்காகச் சுருட்டியிருந்தாள்.

அனுப்பிரியா ஜெயவேலுவுக்குப் பொறுமையாகச் சொன்னாள். சவுரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு தன் தப்பைச் சொன்னார். ஜெயவேலு கேட்டுக்கொண்டார். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். கேட்டுக்கொள்வார், ஆனால் வரப்பைத் தாண்ட மாட்டார்.

"லேப்புல கிருமின்னு சொன்னதும் நீங்க. இப்ப இல்லைன்றதும் நீங்க. நாளைக்கு மறுபடி கீதுன்னு வந்து நின்னா? எதைம்மா நான் நம்புறது?"

"நாங்க எதுவும் சொல்லவே இல்லை சார். வேலை இன்னும் முடியலை. யாரோ அரைகுறையாக் கேட்டு எழுதிட்டாங்க."

"யாரு அந்த யாரோ? அந்த ஆளு வந்து, நான்தான் தெரியாம எழுதினேன்னு என் மூஞ்சைப் பார்த்துச் சொல்லட்டும். லாரி திரும்பும்." டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

தெரு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க நம்ம ஹேமாவதி அக்கா இருக்காங்களே என்று யாரோ சொன்னார்கள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. கன்னியம்மாவும் நம்பிக்கையோடு பார்த்தாள். எத்தனையோ மாப்பிள்ளைகளின் முகமூடியைக் கழற்றியவள்; ஊரில் அவள் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு வாயைத் திறந்தால் இனி அவள் சொல்வதை எவன் நம்புவான்?

லாரியின் பின்பக்கம் மெல்லத் தூக்கிக்கொள்ளத் தொடங்கியது. முதல் டைல்ஸ் துண்டு சறுக்கி விழுந்தது.

"நான்தான்," என்றாள் ஹேமாவதி.

சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். ஜெயவேலு கையை இறக்கினார். மாடிப்படியில் நின்றதையும், பாதி கேட்டதையும், மீதியைக் கேட்காமல் பிளவுஸ் குரூப்பில் போட்டதையும் சொன்னாள். கும்பிடு பொம்மையைக்கூட விடவில்லை.

பாதித் தெரு போனை எடுத்து அந்த மெசேஜைத் தேடியது. ஆல்வின் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான்.

"எங்க அக்கா கிறிஸ்டினா அந்த பிளவுஸ் குரூப்புலதான் கீறா, மேடம். அட்வான்ஸ் வாணாம்னு சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு வெயிட் பண்ணேன்."

ஜெயவேலு டிரைவரிடம் போகச் சொல்லிச் சைகை காட்டினார். லாரி பின்வாங்கி, திருப்பத்தில் ஒரு காம்பவுண்டை உரசிவிட்டுப் போனது.

கன்னியம்மா எழுந்தாள். சுருட்டிய கயிற்றை அவிழ்த்தாள். வாளி இறங்கி, தண்ணீரில் மொத்தென்று விழுந்து, ஏறி வந்தது. ஒரு சொம்பு சவுரிமுத்துவுக்குக் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். ஆல்வினுக்கு ஒன்று. அனுப்பிரியாவுக்கு ஒன்று. ஜெயவேலுவுக்குக்கூட ஒன்று, அவர் தயங்கி, எல்லோரும் பார்க்கிறார்களே என்று குடித்து, பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஹேமாவதியும் போய் நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

கன்னியம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

"உனக்குக் கேன் தண்ணிதானேம்மா பழக்கம்."

வாளியில் ஒன்றும் மிச்சமில்லை. ஹேமாவதி கையை இறக்கவில்லை. கன்னியம்மா திரும்பி, வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டாள். கயிறு நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த வாளி யாருக்கு என்று தெருவில் இருந்த மற்றவர்களைப் போலவே ஹேமாவதிக்கும் தெரியவில்லை. துப்பறியவும் தோன்றவில்லை. குவித்த கையோடு காத்திருந்தாள்.